தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊரில் தொழில் தொடங்குவது

தம்பி, வாசிக்கும் மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். உங்கள் ஊர் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், மூன்று பக்கமும் வாவித் தண்ணீர் சூழ்ந்த இடம். மாரியில் நாலாவது பக்கமும் தண்ணீர்தான். படித்துவிட்டு வேலை இல்லாமல் 15 பிள்ளைகள் இருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் ஊர் உறவுகள் 15 இலட்சம் ரூபாய் சேர்த்து அனுப்ப ஆயத்தம். தலைக்கு ஒரு இலட்சம் கொடுத்து ஆளுக்கொரு தொழில் தொடங்க வைக்கலாமா என்று இளைஞர் கழகம் சார்பில் கேட்டிருக்கிறீர்கள்.

பிரித்துக் கொடுக்க வேண்டாம். அந்தக் காசில் முதலில் ஒரே ஒரு தொழிலைத் தொடங்குங்கள்: ஊரில் கிடைப்பதைக் கெடாமல் அக்கரைக்குக் கொண்டுபோய், எடை நிறுத்து, விற்று, காசை அன்றைக்கே ஊருக்குக் கொண்டுவரும் தொழில். மற்றத் தொழில்கள் எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டுதான் எழும்பும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

20 வருடத்துக்கு மேலாக இந்த மாவட்டத்தில் சிறுதொழில் வேலைகளோடு நான் திரிந்திருக்கிறேன். சுனாமிக்குப் பிறகு ஒரு கரையோரக் கிராமத்தில் ஒரு தொண்டு நிறுவனம் 20 பெண்பிள்ளைகளுக்குத் தையல் பழக்கி, ஆளுக்கொரு மெஷினும் கொடுத்தது. அந்தத் திட்டத்தில் நானும் இருந்தேன். பிள்ளைகள் அருமையாகத் தைத்தார்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஊரில் இருந்ததே இருநூறுக்கும் குறைந்த குடும்பங்கள். அவ்வளவு குடும்பங்களின் சட்டைக்கும் பாவாடைக்கும் இரண்டு மூன்று தையல்காரர் போதும். ஒரு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோது பாதிக்கு மேற்பட்ட மெஷின்கள் துணி போர்த்தி மூலையில் நின்றன. ஒரு பிள்ளை, “அண்ணன், நாங்க ஒருத்திக்கொருத்தி விலையைக் குறைச்சு குறைச்சே முடிஞ்சு போனோம்” என்றாள். அந்தச் சொல் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. பிழை அவளுடையது அல்ல. ஊரின் அளவை எண்ணிப் பார்க்காமல் திட்டம் போட்ட எங்களுடையது.

சிறிய தீவு எங்கே இருந்தாலும் இந்தச் சிக்கல் உண்டு. உள்ளே வாங்கும் ஆட்கள் குறைவு. வெளியே கொண்டுபோகும் செலவு கூட. ஒரு புயலோ வெள்ளமோ வந்தால் எல்லோருடைய முதலும் ஒன்றாகவே போகும். பசிபிக் கடலில் இருக்கும் சமோவாவைப் பாருங்கள். 1990இலும் 1991இலும் அடுத்தடுத்து இரண்டு பெரும் புயல்கள். 1993இல் அவர்கள் ஏற்றுமதி செய்துவந்த சேமங்கிழங்குப் பயிரில் இலைநோய் விழுந்து அந்த வருமானமும் போனது. அந்தக் காலத்தில், 1991இல், அங்கே பெண்கள் தொழில் அபிவிருத்திக்கென ஓர் அமைப்புத் தொடங்கப்பட்டது. குடும்பங்கள் தங்கள் தங்கள் கிராமத்திலேயே, சின்ன இயந்திரத்தில் தேங்காயெண்ணெய் பிழிகின்றன. தரம் பார்ப்பது, இயற்கைச் சாகுபடிச் சான்றிதழ் எடுப்பது, சேர்த்து அனுப்புவது, வாங்குபவரோடு பேசுவது எல்லாம் அமைப்பின் வேலை. அப்படிப் பிழிந்த எண்ணெயை ‘த பொடி ஷொப்’ என்ற பெரிய அழகுசாதனக் கம்பனி வாங்கியது. ஒரு குடும்பம் தனியே போயிருந்தால் அந்தக் கம்பனியின் வாசலைக்கூடக் கண்டிருக்காது. குடும்பங்கள் சிறிதாகவே இருந்தன, அனுப்பும் கை மட்டும் பெரிதானது. இதைத்தான் உங்களுக்கும் சொல்ல வருகிறேன்.

இனி உங்கள் துறையடிக்கு வருவோம். பேச்சுக்கு ஒரு கணக்கு. ஒருவரிடம் விடியப்புறம் 3 கிலோ இறால் இருக்கிறது. அக்கரைக்குப் போய்வரப் பெற்றோல், படகுக் காசு, அரைநாள் கூலி எல்லாம் சேர்த்து 900 ரூபாய் என்று வைப்போம். கிலோவுக்கு 300 ரூபாய் வழியிலேயே கரைந்துவிட்டது. அதே ஆள் பத்துப் பேரின் 30 கிலோவைச் சேர்த்துக் கொண்டுபோனால் கிலோவுக்கு 30 ரூபாய். யாருக்கும் ஒரு பயிற்சியும் கொடுக்காமல், ஒரு புது இயந்திரமும் வாங்காமல், கிலோவுக்கு 270 ரூபாய் ஊருக்குள் நிற்கிறது. நாங்கள் இளைஞர்களுக்குக் கொடுக்க நினைக்கும் “முதலீடு” பல வேளைகளில் இப்படி ஏற்கெனவே தண்ணீரில் போய்க்கொண்டிருக்கும் காசுதான்.

அடுத்தது ஐஸ். வாவி இறால் செத்துச் சில மணித்தியாலத்தில் தலை கறுக்கத் தொடங்கும். சாப்பிட ஆகாது என்று இல்லை, ஆனால் கறுத்த தலையைக் கண்டதும் வாங்குபவர் விலையைப் பாதியாக்கிப் பேசுவார். எங்கள் வெயிலுக்கு மீனின் எடைக்குச் சம எடை ஐஸ் வேண்டும். அடியில் ஐஸ், மேலே இறால், அதற்கு மேல் ஐஸ் என்று அடுக்கடுக்காகப் போட வேண்டும். உருகும் தண்ணீர் வடிந்து போக அடியில் துளை வேண்டும், இறால் தண்ணீரில் ஊறிக்கொண்டு கிடக்கக் கூடாது. றெஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பெட்டி ஒரு மாதத்தில் உடைந்துவிடும். சுவர் தடித்த நல்ல பிளாஸ்டிக் குளிர்காப்புப் பெட்டி நாலைந்து வாங்கினால் வருடக்கணக்கில் உழைக்கும். ஐஸைத் துறைக்கு முதல்நாள் பின்னேரமே கொண்டுவந்து வைக்க வேண்டும். விடியத் தேடினால் முடியாது. இதெல்லாம் சின்ன விடயம்தான், ஆனால் விலை நிற்பதும் விழுவதும் இதில்தான்.

இதைச் செய்ய ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுங்கள். கழகத்தில் கணக்கு நேராக எழுதக்கூடிய, விடியற்காலை எழும்பக்கூடிய ஒரு பிள்ளை. ஆறு மாதம் சம்பளம் நிதியில் இருந்து வரட்டும், அதன்பிறகு கிலோவுக்கு இவ்வளவு என்று பிடிக்கும் ஒரு சிறு தரகுக் காசில் இருந்து வரட்டும். சம்பளம் இல்லாமல் சேவையாகச் செய்யச் சொன்னால் மூன்றாம் மாதம் நின்றுவிடும். நான் இதைப் பல ஊரில் கண்டுவிட்டேன்.

ஒரு எச்சரிக்கை. இப்போது உங்கள் ஊர் மீனை எடுக்கும் முதலாளியை எதிரியாக நினைத்துத் தொடங்க வேண்டாம். வலைக்கும் தோணிக்கும் அவர் முற்பணம் கொடுத்திருப்பார், அதனால் பலர் அவருக்கே விற்கக் கட்டுப்பட்டிருப்பார்கள். விலை குறைவுதான். ஆனால் வீட்டில் ஒருவருக்கு வருத்தம் என்றால் இரவில் காசு கொடுப்பதும், மார்கழியில் சும்மா இருக்கும்போது அரிசிக்குக் கொடுப்பதும் அவர்தான். அந்த இடத்தை நிரப்ப உங்களிடம் ஏதும் இல்லாமல் அவரை வெட்டிவிட்டால் ஆபத்து சனத்துக்குத்தான். முதல் வருடம் கடன்படாதவர்களின் மீனை மட்டும் எடுங்கள்.

விலை அறிவது ஒரு பெரிய பலம். கேரளத்தின் வடக்குக் கரையில் 1997க்கும் 2001க்கும் இடையில் கைத்தொலைபேசி வந்தபோது என்ன நடந்தது என்று ஒரு பொருளியலாளர் பார்த்தார். மீனவர்கள் கடலில் இருந்தபடியே எந்தத் துறையில் வாங்க ஆள் உண்டு என்று கேட்டு அங்கே போனார்கள். வாங்க ஆளில்லாமல் கொட்டப்படும் மீன் ஏறத்தாழ இல்லாமலே போனது, மீனவர் இலாபம் 8 வீதம் கூடியது, வாங்குபவருக்கு விலை 4 வீதம் குறைந்தது. உங்களிடம் இன்றைக்கு எல்லோர் கையிலும் வாட்ஸ்அப் இருக்கிறது. மட்டக்களப்பு, வாழைச்சேனை, கல்முனை மூன்று இடத்து விலையையும் காலை 6 மணிக்கு ஒரு பிள்ளை கேட்டுப் போடட்டும். காசே செலவில்லாத வேலை, நாளைக்கே தொடங்கலாம்.

இனி, இந்தக் கொண்டுபோகும் வழி திறந்தபிறகு என்ன தொழில்கள் பொருந்தும் என்று கேட்பீர்கள். எனக்கு மிகவும் பிடித்தது நண்டு கொழுக்க வைப்பது. ஓடு கழற்றியவுடன் பிடிபடும் களிநண்டுக்கு உள்ளே சதை இருக்காது, தண்ணீர்தான் இருக்கும். தண்ணீர் நண்டு என்று சொல்லி அடிமாட்டு விலைக்கு எடுப்பார்கள். அதையே கூட்டில் வைத்து, கழிவு மீனைத் தீனியாகப் போட்டு, மூன்று நாலு கிழமை பராமரித்தால் சதை கட்டிவிடும். அதே நண்டு, பல மடங்கு விலை. இலங்கைக் களிநண்டுக்குச் சிங்கப்பூர் வரையும் பேர் இருக்கிறது. ஒன்றையொன்று கடித்துத் தின்னும் சாதி என்பதால் ஒவ்வொரு நண்டுக்கும் தனி அறை வேண்டும். தீனி அதன் எடையில் நாளுக்கு 5 முதல் 10 வீதம் போதும், மிஞ்சினால் தண்ணீர் பழுதாகும். தண்ணீர் சூழ்ந்த ஊருக்கு இது ஏன் பொருந்தும் என்றால், காலைக் கட்டி ஈரச் சாக்குக்குள் நிழலில் வைத்தால் நண்டு தண்ணீர் இல்லாமலே சில நாள் உயிரோடு இருக்கும். ஐஸ் தேவையில்லை. படகு இன்றைக்குப் போகவில்லை என்றால் நாளைக்கு அனுப்பலாம்.

ஆனால் இதற்கும் பருவம் இருக்கிறது. எங்களுக்கு மழையின் பெரும்பகுதி ஐப்பசியில் இருந்து தை வரைக்குள் கொட்டிவிடும். ஆற்று வெள்ளம் இறங்கினால் வாவித் தண்ணீரின் உப்பு சில நாளில் இறங்கும், கூட்டையும் அள்ளிக்கொண்டு போகும். ஆகவே ஐப்பசி பிறக்கமுன் கடைசித் தொகுதியை விற்றுவிட்டுக் கூட்டைக் கரையேற்ற வேண்டும். சினை நண்டையும் குஞ்சு நண்டையும் பிடித்துக் கூட்டில் போடக் கூடாது, அடுத்த வருடம் பிடிக்க ஒன்றும் இருக்காது. வாவிக்குள் கூடு போட நெக்டா என்று நாம் சொல்லும் நீருயிரின வளர்ப்பு அதிகாரசபையிடம் அனுமதி எடுக்க வேண்டும். முதலில் இருவர் மட்டும், ஆளுக்கு 50 அறை, ஒரு தொகுதி. அது விற்றுக் காசு கையில் வந்தபிறகுதான் மூன்றாம் ஆள். 15 பேரும் ஒரே நேரம் நண்டு வளர்க்கத் தொடங்கினால் தீனி மீன் விலை ஏறும், நோய் வந்தால் ஒரே தண்ணீரில் எல்லோருக்கும் வரும். 1996இல் வடமேல் மாகாணத்து இறால் பண்ணைகளில் வெண்புள்ளி நோய் பரவியபோது அடுத்தடுத்து இருந்த பண்ணைகள் அப்படித்தான் விழுந்தன.

தயிர் உங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல, அதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஒன்று மட்டும்: பாசிக்குடாக் கடற்கரையின் சுற்றுலா ஹோட்டல்கள் மாதிரி இடங்களுக்கு விற்பதானால் அவர்கள் ருசியைவிட முதலில் கேட்பது ஒழுங்கை. செவ்வாய்க்கிழமை 40 சட்டி என்றால் செவ்வாய்க்கிழமை 40 சட்டி. ஊர்க் கோயிலில் வைகாசிச் சடங்கு என்று அந்தக் கிழமை அனுப்பாமல் விட்டால் அடுத்த கிழமை வேறு ஆளிடம் எடுத்துவிடுவார்கள். பில் கேட்பார்கள், வங்கிக் கணக்குக் கேட்பார்கள். ஆகவே பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு, பிரதேச சபை உரிமம், உணவு என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பது, இவற்றை முதலிலேயே முடித்து வையுங்கள். பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுதொழில் உத்தியோகத்தரிடம் போனால் வழி காட்டுவார். பன் புல்லில் பாய் இழைக்கும் அம்மாமார் இருந்தால் அவர்களின் பொருளும் அதே பெட்டியோடு, அதே படகில் போகலாம்.

கணினி வேலை செய்யக்கூடிய பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அவர்களின் பொருள் தண்ணீரைக் கடக்கவே தேவையில்லை, அதுதான் அதன் சிறப்பு. அவர்களுக்கு வேண்டியது ஓர் அறை, நல்ல இணைப்பு, கரண்ட் போனால் நாலு மணித்தியாலம் தாங்கும் பற்றரி. வாசிகசாலையின் ஒரு பக்கத்தை ஒதுக்கிக் கொடுங்கள். கம்பஸ் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்பிள்ளைகளுக்கு இது பெரிய வாசல். பொழுதுபட்டபின் படகேறி வரத் தேவையில்லை.

காசால் தீராத தடைகளும் இருக்கின்றன, தம்பி. மாலைதீவில் சுற்றுலா 1972இல் தொடங்கியது. ஆனால் நீண்ட காலம் ஹோட்டல்கள் ஆளில்லாத் தீவுகளில் மட்டும்தான். சனம் குடியிருக்கும் தீவில் ஒரு சாதாரணக் குடும்பம் தங்கள் வீட்டில் அறை விட முடியாது. 2010ஐ ஒட்டி அந்த விதி தளர்ந்தது. மாபுஷி போன்ற தீவுகளில் உள்ளூர் ஆட்களே விருந்தினர் விடுதி நடத்தத் தொடங்கி, இன்றைக்கு நாடு முழுக்க நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அங்கே முதலில் நடந்தது கதவு திறந்தது. உங்கள் ஊரில் எந்தக் கதவு பூட்டிக் கிடக்கிறது என்று தேடுங்கள். துறையில் இறங்க ஒழுங்கான மேடை இல்லாததா? கடைசிப் படகு 5 மணிக்கே நின்றுவிடுவதா? அதை எழுதிக் கேட்பதும் இளைஞர் கழகத்தின் தொழில் உதவிதான். பொத்துவில் களப்பில் மீனவர்களே தங்கள் தோணியில் கண்டல் காட்டுக்குள் வெளிநாட்டுக்காரரைக் கூட்டிப் போகிறார்கள். புதிதாக ஒரு தோணிகூட வாங்காமல் வந்த வருமானம் அது. உங்கள் பக்கமும் செய்யலாம், ஆனால் உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஒருவரையும் ஏற்ற வேண்டாம்.

பாலம் வந்தால் எல்லாம் சரியாகும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. வாவிக்குக் குறுக்கே மண்முனையில் 2014இல் பாலம் திறக்கும்வரை நாங்களும் ‘பாதை’ என்று சொல்லும் மிதவைப் படகில்தான் ஏறி இறங்கினோம். பாலம் பெரிய விடுதலை, நோயாளிக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் அதைவிட வேறு என்ன வேண்டும். ஆனால் நெல்லும் பாலும் லொறியில் வெளியே போன அதே பாலத்தால் பாணும் யோகட்டும் லொறியில் உள்ளே வந்தன. அக்கரைக்கு விற்கப் பழகியிருந்தவர்கள் பாலத்தால் வளர்ந்தார்கள். ஊருக்குள் மட்டும் விற்றவர்கள் திணறினார்கள். உங்களுக்குப் பாலம் வருமுன் அந்தப் பழக்கம் வரட்டும்.

கடனைப் பற்றி. எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு வளவு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். உங்கள் 15 பேரில் பெடியன்மார் பேரில் உறுதிக் காணி இருக்காது, பலருக்கு இருப்பது பேமிட் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. அப்போது தொழில் தொடங்க என்று அக்காவின் வீட்டு உறுதியைத்தான் ஈடு வைக்கக் கேட்பார்கள். கழகத்தில் ஒரு முடிவு எடுங்கள்: எங்கள் உதவியில் தொடங்கும் எந்தத் தொழிலுக்கும் அக்கா தங்கையின் வீட்டு உறுதி ஈடாகப் போகாது. தொழில் தோற்கலாம், அது உலக வழமை. அதனால் ஒரு பெண் வீடில்லாமல் நிற்கக் கூடாது. நுண்கடன் கிழமைக் கட்டுப்பணமும் வேண்டாம். கிழமைக்குக் கிழமை கட்டச் சொல்லும் கடன், மாதத்துக்கு ஒருமுறை விற்கும் நண்டுக்குப் பொருந்தாது. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுத்து எங்கள் பெண்கள் பட்ட பாடு உங்களுக்கும் தெரியும். 2018இல் அரசாங்கமே தலையிட்டுச் சிறு கடன்களைத் தள்ளுபடி செய்யும் நிலை வந்தது.

சரி, 15 இலட்சத்துக்கு என் கணக்கு. 5 இலட்சம் பெட்டி, தராசு, உறைபனிப் பெட்டி, அந்தப் பிள்ளையின் ஆறு மாதச் சம்பளம். 3 இலட்சம் சோதனைக் காசு: ஒருவருக்கு 25,000 முதல் 50,000 வரை, திருப்பித் தரத் தேவையில்லை, ஆனால் கணக்குக் காட்ட வேண்டும். தோற்றாலும் எழுதித் தந்தால் இரண்டாம் முறையும் கேட்கலாம். 4 இலட்சம் சுழற்சி நிதி, சோதனையில் விற்றுக் காட்டியவருக்கு மட்டும், அவர் பொருள் விற்கும் கால இடைவெளிக்கு ஏற்பத் திருப்பிக் கட்ட. மிச்சம் 3 இலட்சத்தை வங்கியில் போட்டுத் தொடாமல் வையுங்கள், அது வெள்ளத்துக்கு. வெள்ளம் வடிந்த அடுத்த கிழமை கூடு திருத்தவும் தீனி வாங்கவும் கையில் காசு இருக்கும் ஊர்தான் மாசியில் மறுபடி விற்கும்.

யாருக்குக் கொடுப்பது என்பதைக் கழகத் தலைவரும் செயலாளரும் மட்டும் இருந்து தீர்மானிக்க வேண்டாம். சொந்தக்காரர், தாய்வழிக் குடி, கோயில் எல்லாம் உள்ளே வரும். வாங்குபவர் ஒருவரின் பெயரையும் விலையையும் கொண்டுவருபவருக்கு முதல் இடம் என்று ஒரே ஒரு விதி வையுங்கள். பிள்ளைகள் அக்கரைக்குப் போய் ஐந்து கடை ஏறி இறங்கிப் பேச வேண்டி வரும். நான் கண்டவரை, எந்தக் கருத்தரங்கும் கற்பிக்காததை அந்த ஐந்து கடையும் கற்பித்துவிடும். 15 பேரில் 7 பேராவது பெண்பிள்ளைகளாக இருக்கட்டும். பொருளைத் துறைக்கு அவர்கள் கொண்டுவரத் தேவையில்லாமல் வீட்டு வாசலில் நிறுத்து எடுக்கும் ஒழுங்கும் வேண்டும்.

காசு வருமுன் செய்ய ஒரு வேலை தருகிறேன். ஒரு கொப்பி வாங்கி, முறை வைத்து, ஒரு மாதம் துறையடியில் இருங்கள். எந்தப் பொருள், எத்தனை கிலோ, யாருடையது, என்ன நேரம் வெளியே போகிறது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். மறுகா எதிர்ப் பக்கத்தில், ஊருக்குள் காசு கொடுத்து வாங்கி வருவது எல்லாம்: பாண், முட்டை, மரக்கறி, கோழித்தீன், ஐஸ். அந்த இரண்டாம் பக்கத்தில் ஊருக்குள்ளேயே செய்யக்கூடிய இரண்டு மூன்று தொழில் ஒளிந்திருக்கும். மாதம் முடிந்ததும் கொப்பியைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எத்தனை பெட்டி வாங்கலாம், எந்த நாளில் படகு போனால் கட்டுபடியாகும் என்று சேர்ந்திருந்து கணக்குப் போடுவோம்.